முதுகால் பேசியவள்

பொகவந்தலாவையிலிருந்து ஏறும் ரோட்டில்
பஸ் மூச்சுவாங்கித் திரும்பும் இடத்தில் எங்கள் பள்ளி.
ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு.
சுவர் கிடையாது, கரும்பலகைகள்தான் தடுப்பு.
இந்தப் பக்கம் நான் ஏழாம் வாய்ப்பாடு சொன்னால்
அந்தப் பக்கம் தரம் ஐந்து
புலமைப்பரிசில் வினாத்தாளைச் சத்தமாய் விழுங்கும்.

ஜெனுஷா முதல் நாள் காதுக்கருவியோடு வந்தாள்.
அரைமணி நேரம் தாங்கினாள்.
ஐந்து வகுப்பும் ஒரே துளைக்குள் நுழைந்தால்
யார்தான் தாங்குவார்?
கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி,
பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடியை அழுத்தினாள்.
டக்கென்றது. அவளுக்குக் கேட்டிருக்காது.

அதிபர் நல்லவர்தான்.
தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் சொன்னார்:
"சித்திவீதம் குறையும் மிஸ்.
விசேட பள்ளி இருக்கே, மூணு பஸ் மாறினா."
வாசலில் பாக்கியவதி,
அரைப்பேரை விட்டுவிட்டு வந்தவள்,
கொழுந்துக்கறை விரலால் சேலை நுனியைச் சுருட்டியபடி:
"அங்க கைகூட சிங்களத்திலதான் பேசுமாமே.
லீவுக்கு வந்தா எங்கிட்ட எதால பேசும்?"
அதிபர் தன் கோப்பையைப் பார்த்தார்.
நான் என் கோப்பையைப் பார்த்தேன்.
அப்படித்தான் அவள் சேர்ந்தாள்.
யாரும் சேர்க்கவில்லை,
மறுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

முன் வாங்கில் இருத்தினேன்.
அத்தோடு என் கடமை தீர்ந்ததென்று
பலகையைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன்.
பதினாறு வருஷமாக அப்படித்தான்,
எழுதிக்கொண்டே, முதுகால்.
முதல் தவணை அறிக்கையில் அவளுக்கு எழுதினேன்:
"கவனிப்பதில்லை."

ஆனியில் மழை இறங்கியது.
தகரத்தின் கீழ் இருந்தவர்களுக்கு
அந்த மழையைச் சொல்லவேண்டாம்,
மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது.
கத்தினேன். வாய் அசைந்தது, அவ்வளவுதான்.
சோக்கட்டியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
பின் வாங்குக்கும் முன் வாங்குக்கும் இடையில்
கதை போய்வந்துகொண்டிருந்தது, கையால்.
இரண்டு கையும் தோளுக்கு மேலாகப் பின்னே வீசினால்
அம்மா: கூடைக்குள் கொழுந்து விழுகிறது.
விதுஷனின் அம்மா மட்டும் வேறு,
கன்னத்தில் சாய்ந்த உள்ளங்கை:
வெள்ளி இரவுகளில் குவைத்திலிருந்து வரும் போன்.
மூக்கில் சறுக்கும் கண்ணாடி, அதிபர்.
ஜெனுஷா சும்மா இருக்கவில்லை.
திலுக்ஷனோடு சண்டை பிடித்தாள், பத்து விரலாலும்.
என்ன வார்த்தை அது என்று
இன்றுவரை ஒரு பிள்ளையும் எனக்குச் சொல்லவில்லை.
யாரோ இடுப்பில் கையைத் துடைத்துக் காட்ட
வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.
குனிந்து பார்த்தேன்.
சேலையில், இடுப்போரம்,
சோக்குத் தூளில் என் பெயர்.

எப்போது நடந்தது இதெல்லாம்?
பீலியடியில், இடைவேளையில்,
லயத்துக்கு இறங்கும் படியில்,
நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த
ஒவ்வொரு பாடநேரத்திலும்.

மழை விட்டது.
எழுந்தேன். சோக்கட்டியை எடுத்து,
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
மறுபடி பலகையைப் பார்த்துப் பேசினேன்.

மேசையில் ஓர் அடி விழுந்தது.
ஜெனுஷா.
இடுப்பில் கையைத் துடைத்தாள்.
என்னைத்தான் கூப்பிட்டாள்.
பிறகு ஒரு விரலை வட்டமாய்ச் சுற்றினாள்:
திரும்பு.

இப்போது எழுதி முடித்துத்தான் வாய் திறக்கிறேன்.
பாடம் மெதுவாகத்தான் நகர்கிறது.
மற்ற வகுப்பு பன்னிரண்டில், நாங்கள் இன்னும் ஒன்பதில்,
அதிபர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.
அந்த அறிக்கையை மாற்றி எழுத முடியாது,
வலயத்துக்குப் போய்விட்டது.
சில நாள் மறந்தும் போகிறேன்,
பதினாறு வருஷ முதுகு.
அப்போது மேசையில் அடி விழும்.
திரும்பிப் பார்த்தால்
அது எப்போதும் ஜெனுஷாவின் கையாக இருப்பதில்லை.